ஜாவா புதுசு, லைப்ரரி பழசு: ஒத்துப்போகுமா?

சந்தேகம்: எங்கள் அலுவலக மென்பொருள் ஜாவா 8-இல் ஓடுகிறது. 17-க்கு மாறச் சொல்கிறார்கள். பழைய ஜார் கோப்புகள் சிலவற்றுக்கு சோர்ஸ் கோடே கையில் இல்லை. அவை ஓடுமா?

விளக்கம்: பெரும்பாலும் ஓடும். ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் தொடக்கத்திலும் ஒரு பதிப்பு எண் இருக்கும். ஜாவா 8-க்கு 52, 17-க்கு 61. தன் எண்ணைவிடப் பெரியதைத்தான் ஜாவா ஏற்காது, சிறியதைத் தடுப்பதில்லை. மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம்.

சந்தேகம்: அப்படியானால் 8-ஐ விட்டு நகர ஏன் இவ்வளவு பயம்?

விளக்கம்: பயத்தில் நியாயம் உண்டு. எக்ஸ்எம்எல் வேலைக்கான ஜாக்ஸ்பி முன்பு ஜாவாவுடனேயே வந்தது. 2018-இல் வந்த ஜாவா 11 அதை நீக்கிவிட்டது. அதை நம்பியிருந்த லைப்ரரி, கிளாஸ் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். ஜாக்ஸ்பியைத் தனியாகச் சேர்த்தால் தீரும். ஆனால் 2.3 வரிசையைச் சேருங்கள். 3.0 முதல் பேக்கேஜ் பெயர் 'ஜாவாக்ஸ்' போய் 'ஜகார்த்தா' ஆகிவிட்டதால், பழைய லைப்ரரிக்கு அது அடையாளம் தெரியாது.

இன்னொன்று, ஜாவாவின் உள்பகுதிகளுக்குள் கொல்லைப்புறமாக நுழைந்து பழகிய லைப்ரரிகள். 9 முதல் 15 வரை ஓர் எச்சரிக்கையோடு விட்டார்கள். 16-இல் கதவை அடைத்தார்கள்; 17-இல் மொத்தமாகத் திறந்துவிடும் வசதியும் போயிற்று. 'ஆட்-ஓபன்ஸ்' கொடுத்து ஒவ்வொரு பேக்கேஜாகத் திறக்கலாம். அது தற்காலிக ஏற்பாடுதான். பல இடங்களில் அதுவே நிரந்தரமாகிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

சந்தேகம்: கம்பைல் பிழையில்லாமல் முடிந்தால் போதுமா?

விளக்கம்: போதாது. ஜாருக்குள் இருப்பது ஏற்கெனவே கம்பைல் ஆனது. அதன் கோளாறு ஓடும்போதுதான் வெளிவரும். ஜேடிகே-யோடு வரும் 'ஜேடெப்ஸ்' கருவியை முதலில் ஓட்டுங்கள். எந்த ஜார் எந்த உள்பகுதியைத் தொடுகிறது என்று காட்டும். ஆனால் ரிஃப்ளெக்‌ஷன் வழியாகத் தொடுவது அதன் கண்ணில் படாது. அதனால் மாதக் கடைசி அறிக்கை, ஆண்டுக் கணக்கு முடிப்பு போல எப்போதாவது ஓடும் வேலைகளையும் சோதித்தாக வேண்டும். அங்கேதான் இந்த மாதிரிக் கோளாறு பதுங்கியிருக்கும்.

சந்தேகம்: கையோடு ஸ்பிரிங் பூட் 3-க்கும் போய்விடலாமா?

விளக்கம்: வேண்டாம். அதற்கு ஜாவா 17 கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் அதுவும் ஜகார்த்தா பெயர்களுக்கு மாறிய பதிப்பு. பழைய சர்வ்லெட் லைப்ரரிகள் அங்கே உடையும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எந்தப் பிழை எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. ஜாவாவை முதலில் மாற்றி, சில வாரம் ஓடவிட்டுப் பிறகு ஸ்பிரிங்கைத் தொடுங்கள்.