தனித்திருப்போரின் நாட்பொழுது

கம்பெனி பஸ் வராத காலை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பொழுது விடிவது சூரியனால் மட்டும் அன்று. இருள் பிரியுமுன் பள்ளிவாசலில் எழும் பாங்கும், சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனிக்குத் திரும்பும் பஸ்ஸின் ஹாரனும், டேனரிக்கு ஈரத்தோல் கொண்டுபோகும் வண்டிகளின் சப்தமும் கூடியே அங்குள்ள ஜனங்களுக்கு நாளைத் தொடங்கிவைக்கின்றன. 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் தடையுத்தரவும், அன்று நள்ளிரவு நாடெங்கும் ஊரடங்கும் அமலுக்கு வந்ததும், பாங்கு ஒன்றைத் தவிர மற்றவை யாவும் ஒரே இரவில் அடங்கிப்போயின. ஷூவின் மேற்பாகத்தை வீட்டிலிருந்தே கையால் தைத்து ஜோடிக் கணக்கில் கூலி வாங்கி வந்த பெண்களுக்கும் வேலை நின்றது. ஏப்ரல் 25-இல் தொடங்கிய ரமலான் மாதத்தில் தராவீஹ் தொழுகையை அவரவர் வீட்டிலேயே தொழ நேர்ந்தது. பள்ளிவாசலில் காய்ச்சிப் பகிர்ந்துகொள்ளும் நோன்புக் கஞ்சி அவ்வாண்டு வீட்டுக்கு வீடு தனித்தனி அடுப்பில் கொதித்தது.

நோய்க்காக வீட்டில் தனித்திருக்க நேர்ந்தவர்கள் அக்காலத்தில் சொன்ன குறைகளில் பசியும் ஜுரமும் உண்டு என்றாலும், ‘இன்று என்ன கிழமை என்றே தெரியவில்லை’ என்பதும், ‘நான் எதற்கும் உதவாதவளாகப் போய்விட்டேன்’ என்பதும் அவற்றிலும் ஆழமானவை. தனிமை மனிதனிடமிருந்து முக்கியமாகப் பறிப்பவை இரண்டே: ஒன்று கடிகாரம், மற்றொன்று பிறருக்கு வேண்டியவராக இருக்கும் பெருமை. மருந்தையும் ஆகாரத்தையும் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இவ்விரண்டையும் திருப்பிக் கொடுப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. கொரோனா ஓய்ந்துவிட்டது என்று இதனை ஒதுக்கிவிடவும் முடியாது. காசநோயும் அம்மையும் கடும் ஃப்ளூ ஜுரமும் இன்றும் நம் வீடுகளில் யாரேனும் ஒருவரைச் சில நாளேனும் ஒரு மூலையில் இருத்திவைக்கின்றன.

பழைய அநுபவங்கள்

தனித்திருத்தல் நமக்குப் புதிதன்று. வீட்டில் அம்மை வார்த்தால் வாசலில் வேப்பிலை செருகுவதும், அதைக் கண்ட அயலார் உள்ளே வராமல் திரும்புவதும், நோயாளியை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தித் தனியே ஒருவர் பணிவிடை செய்வதும், இன்ன நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று கணக்கு வைத்திருப்பதும் நம் பாட்டிமார் கண்ட சம்பிரதாயம். வேப்பிலையின் மருத்துவ குணத்தைப் பற்றி எவர் எந்த அபிப்பிராயம் கொண்டாலும் சரி, அந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருந்தது. தனிமைக்கு ஒரு முடிவுநாள் இருந்தது. அந்த முடிவுநாள் வீட்டார் அனைவருக்கும் தெரிந்திருந்தது. நோயாளியைத் தீண்டத்தகாதவராக எண்ணாமல் தெய்வம் வந்து தங்கியவராக மரியாதையோடு நடத்தினார்கள்.

வேலூர்ச் சிறையில் 1921 டிசம்பரிலிருந்து 1922 மார்ச்சு வரை அடைபட்டிருந்த ராஜாஜி, நாட்குறிப்பு எழுதுவதை ஒரு நியமமாகவே வைத்துக்கொண்டார். அது பிற்காலத்தில் புத்தகமாகவும் வெளிவந்தது. சிறைவாசம் வேறு, நோய்த் தனிமை வேறு என்பது உண்மைதான். ஆயினும் நேற்றையும் இன்றையும் பிரித்துக் காட்ட ஒரு பக்கம் எழுத்து போதும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேலூரில் கிடைக்காது.

இவ்வட்டாரம் கற்ற மிகப் பெரிய பாடம் தொழுநோயாளரிடமிருந்து வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்டு, முடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் கொடுத்தார். ஆனால் விரல் நிமிர்ந்தவர்களை எந்த வீடும் சேர்க்கவில்லை, எவரும் வேலைக்கு வைக்கவில்லை. ஊனத்தைக் காட்டிப் பெற்ற பிச்சையும் நின்றுபோயிற்று. ஆகவே 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு ஏற்பட்டு, அங்கே அவர்கள் தச்சுவேலை முதலியவற்றைப் பயின்றார்கள். கையைத் திருத்துவது சிகிச்சையில் பாதி. அந்தக் கைக்கு ஒரு வேலையைக் கொடுப்பது மறுபாதி.

வீடே போதும் என்று கண்ட சோதனை

காசநோய் கண்டவரைச் சானடோரியத்துக்கு அனுப்பி மாதக்கணக்கில் படுக்கவைப்பதே சிகிச்சை என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், அந்த நம்பிக்கையை அசைத்த ஆராய்ச்சி சென்னையில் நடந்தது. 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், நெருக்கமான வீடுகளில் வறுமையில் வாழ்ந்த 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு ஆகாரமும் ஓய்வும் குறைவு; ஆயினும் 1959-இல் வெளியான முடிவுகளின்படி அவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். பின்னர் அவர்களுடைய குடும்பத்தினரை ஐந்தாண்டு கவனித்து வந்ததில், வீட்டுச் சிகிச்சையின் காரணமாக அவர்களுக்குள் நோய் அதிகப்படவில்லை என்பதும் தெளிவாயிற்று.

இந்த வெற்றியின் ரகசியம் மருந்து மட்டும் அன்று. நிலையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்றார்கள்; மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று பரிசோதித்தார்கள்; குடும்பத்தின் கஷ்டநஷ்டங்களைக் கேட்டறிந்தார்கள். நோயாளி வீட்டில் இருந்தார், ஆனால் கைவிடப்பட்டிருக்கவில்லை. இன்று காசநோய் கண்டவருக்குத் தக்க மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதற்குப் பின்னும் மாதக்கணக்கில் தட்டையும் தம்ளரையும் தனியே வைத்து, பேரக்குழந்தையைக் கிட்டவிடாமல் தடுக்கும் வீடுகள் அறியாமையால் கொடுமை செய்கின்றன என்றுதான் சொல்ல வேண்டும்.

பொழுதுக்கு ஓர் ஒழுங்கு

தேகத்துக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. உறக்கம், பசி, உடலின் வெப்பம், ஹார்மோன்களின் ஏற்றத்தாழ்வு யாவும் அதன் வசம். அதற்குத் தினந்தோறும் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். இருட்டறையில் பகலெல்லாம் படுத்திருந்து, நள்ளிரவு வரை கைபேசியின் வெளிச்சத்தில் விழித்திருப்பவருக்கு அது தடுமாறிப்போகிறது. பிறகு உறக்கம் வராது, பசி எடுக்காது, மனோவியாகூலம் மட்டும் பெருகும்.

ஆகையால் முதற்காரியம், கம்பெனிக்குப் போகும் நாளில் எழுகிற அதே வேளைக்கு எழுந்திருப்பது. ஜுரம் கடுமையாக இருக்கும் நாட்களில் படுத்தே இருக்கலாம். அது தணிந்தபின் பல் துலக்கி, குளித்து அல்லது உடம்பைத் துடைத்து, இரவு உடையை மாற்றி, கதவருகிலோ மொட்டைமாடியிலோ இளவெயில் படும்படி சிறிது நேரம் உட்கார வேண்டும். சாப்பாட்டு வேளைகளை வீட்டாரின் வேளைகளோடு சேர்த்து வைத்துக்கொள்வதும், பகலுறக்கத்தை அரைமணிக்குள் நிறுத்துவதும், இயன்ற அளவு அறைக்குள்ளேயே நடப்பதும் அவசியம். படுத்தே கிடந்தால் தசைகள், முக்கியமாக முதியவர்களின் தொடைத்தசைகள், விரைவில் நலிந்துவிடும்.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து வீடுகளில் பல, ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை போட்டவை. வேலூர் வெயிலில், அதுவும் அக்கினி நட்சத்திர நாட்களில், அவற்றின் உட்புறம் எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. தனி அறை என்றவுடன் ஜன்னலைச் சாத்திவிடுகிற வழக்கம் தவறு. காற்றில் பரவும் நோய்க்குக் காற்றோட்டமே பகை. அடைத்த உள்ளறையைக் காட்டிலும் திறந்த திண்ணை எவ்வளவோ மேல். ஒரே அறை கொண்ட வீடானால் நோயாளி ஜன்னலோரம் படுக்கட்டும், இரு தரப்பாரும் முகக்கவசம் அணியட்டும். கோணித்துணியை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டாலும் காற்று புகச் சற்றே இடம்விட்டுத் தொங்கவிடுங்கள்.

மாலையில் ஒரு தாளில் அன்றைய தேதி, உடல்வெப்பம், உட்கொண்ட மருந்து, பேசிய மனிதர்கள் ஆகியவற்றை எழுதிவைப்பது வைத்தியருக்கும் உதவும், எழுதுகிறவருக்கும் உதவும். செய்தி பார்ப்பதை இரண்டு வேளையோடு நிறுத்திக்கொள்வது நலம்.

உறவு அறுபடாமல்

2020 பிப்ரவரியில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் 24 ஆய்வுகளைத் தொகுத்து வெளியான கட்டுரை ஒன்று, தனிமையில் வைக்கப்பட்டவர்களின் மனத்தை வருத்தியவை எவை என்று ஆராய்ந்தது. நீண்ட காலம், சலிப்பு, தேவையான பொருள்கள் கிடைக்காமை, தெளிவான தகவல் இல்லாமை, வருமான நஷ்டம், ஊராரின் இழிவுப் பார்வை என அது காட்டியவற்றில் கிருமியின் செய்கை சிறிதே, மனிதர்களின் செய்கையே பெரிது. தகவல் விஷயத்தில் நம் அரசாங்க விதிகளும் ஜனங்களைக் குழப்பத்தான் செய்தன: கொரோனா வீட்டுத் தனிமை முதலில் 17 நாளாக இருந்து, பின்னர் 10 நாளாகி, 2022 ஜனவரியில் 7 நாளாயிற்று. அறிவு வளர வளர விதி மாறுவது நியாயமே. ஆனால் ஏன் மாறிற்று என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இழிவுப் பார்வையைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். 2020 ஏப்ரலில் ஆந்திர எல்லையிலுள்ள பொன்னை, சைனகுண்டா சாலைகளின் குறுக்கே வேலூர் மாவட்ட நிர்வாகம் சுவரே எழுப்பி, எதிர்ப்புக் கிளம்பியதும் இடித்துவிட்டது. சாலையில் எழுப்பிய சுவரை இடிப்பது எளிது. தெருவார் மனத்தில் எழுந்தது அவ்வளவு சீக்கிரம் விழவில்லை. நோயாளிகளின் வீட்டு வாசலில் உரிய அதிகாரியின் உத்தரவின்றிச் சுவரொட்டி ஒட்டக்கூடாது என்று அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டார் செய்யக்கூடியவை அநேகம், பெரும்பாலும் செலவில்லாதவை. கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு ஓடிவிடாமல், சற்று விலகி உட்கார்ந்து அதே வேளையில் தாமும் உண்ணலாம். நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒருவர் போனில் பேசுவது, தோன்றிய நேரத்தில் பத்துப் பேர் பேசுவதைவிட நல்லது. அந்த நேரத்தை நோயாளி எதிர்பார்த்திருப்பார். ‘எப்படி இருக்கிறாய்?’ என்று மட்டும் கேட்காமல், ‘இந்தச் சீட்டுக் கணக்கைச் சரிபார்த்துச் சொல்’, ‘பிரியாணிக்கு அரிசியை எவ்வளவு நேரம் ஊறவைப்பாய்?’, ‘பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடு’ என்று உதவி கேளுங்கள். உதவி பெற்றுக்கொண்டே இருப்பவர் மெலிந்துபோகிறார். உதவி கேட்கப்படுகிறவர் நிமிர்ந்து உட்காருகிறார். வட மாநிலங்களிலிருந்து வந்து டேனரிகளில் வேலைசெய்யும் இளைஞர்கள் நோயுற்றால், அவர்கள் பாஷை தெரிந்த ஒருவரைத் தினம் பேசச் செய்வது முதலாளியின் கடமை என்றே கருதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் வருந்துவதாகவும், ஆண்டுக்கு 8,71,000 மரணங்கள் அதனோடு தொடர்புற்றவை என்றும் மதிப்பிடுகிறது. தனிமை ஒரு மனக்குறை மட்டுமே என்று இனிச் சொல்வதற்கில்லை.

எப்போது உதவி நாட வேண்டும்

மூச்சுத் திணறல், நெஞ்சில் தொடர்ந்த வலி, நினைவுத் தடுமாற்றம், உதடு நீலம் பாரித்தல், ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் ஒழுங்கையும் ஓய்வையும் பற்றி யோசியாமல் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள்.

மனத்தின் அபாய அறிகுறிகள் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. தொடர்ந்து உறக்கமின்மை, ஆகாரத்தில் வெறுப்பு, யாரோடும் பேச மறுத்தல், ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால் ‘சரியாகிவிடும்’ என்று தேற்றிவிட்டு அகலாதீர்கள். அருகில் இருந்து, நேராகக் கேட்டு, அன்றே உதவி தேடுங்கள். டெலி-மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416; இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.