502 வந்தா பதறாதீங்க: அதை யார் சொல்றாங்கன்னு முதல்ல பாருங்க



இந்த வார எபிசோட்ல, பைத்தான்ல எழுதின ஆப்பை ஒரு சர்வர்ல ஏத்துறது எப்படின்னு பேசினோம். ஏத்தின பிறகு வர்ற எர்ரர்களைப் பத்திப் பேச நேரம் பத்தல. நம்பர்களும் லாக் வரிகளும் காதால கேட்டா மனசுல நிக்காது. அதனால இந்த மடல் முழுக்க அதுதான்.

முதல்ல நம்ம ஆஸ்திரேலியாவுல நடந்த ஒரு கதை. 2020 மார்ச் 23. கொரோனா கட்டுப்பாடுகளால பப்கள் மூடி, ஏராளமானவங்க ஒரே நேரத்துல வேலை இழந்தாங்க. உதவித்தொகைக்காக மைகவ் தளத்துக்குப் போனா உள்ள நுழைய முடியல. சென்டர்லிங்க் அலுவலகங்களுக்கு வெளிய நீள நீளமா வரிசை. அரசு சேவைகள் அமைச்சரா இருந்த ஸ்டூவர்ட் ராபர்ட், இது டிடாஸ் தாக்குதல்னு சொன்னார். அதாவது, யாரோ வேணும்னே கோரிக்கைகளைக் கொட்டித் தளத்தை முடக்குறாங்கன்னு. அன்னைக்கே நாடாளுமன்றத்துல அதை மாத்திக்கிட்டார். அப்போ தளம் ஒரே நேரத்துல 55,000 பேரைத்தான் தாங்குச்சு. நுழையப் பார்த்தது 95,000 பேர். வரம்பு தாண்டினதும் தாக்குதல் அலாரம் அடிச்சிருக்கு.

வாசல்ல நின்னது வேலை போன ஜனங்க. அலாரம் அடிச்சதை மட்டும் பார்த்து, காரணமே தெரிஞ்சிட்ட மாதிரி பேசினதுதான் அங்க நடந்த தப்பு.

நம்ம ஆப் அவ்வளவு பெருசு இல்ல. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு சேர்க்கைப் படிவம், பொங்கல் விழாவுக்கு டிக்கெட், அவ்வளவுதான். ஆனா 502ன்னு ஒரு வெள்ளைப் பக்கம் வந்ததும் நாமும் இதையேதான் செய்யறோம். "ஹோஸ்டிங் சரியில்ல", "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க", "சர்வரை ரீஸ்டார்ட் பண்ணு". லாக்கை யாரும் திறக்கல.

பந்தியும் அடுப்படியும்

ஒரு கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. இலை முன்னாடி உக்காந்திருக்கிறவர் பிரவுசர். பரிமாறுறவர் எஞ்சின்-எக்ஸ். அடுப்படியில ஆட்களை வச்சு வேலை வாங்குற மேஸ்திரி குனிகார்ன். சமையல், நீங்க ஜாங்கோவிலயோ ஃபிளாஸ்க்கிலயோ எழுதின கோடு. மளிகை அறை, டேட்டாபேஸ்.

மேஸ்திரியும் சமையலும் பேசிக்கிற ஒப்பந்தத்துக்குப் பேர் டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. வாயால சொல்லும்போது பலரும் 'விஸ்கி'ன்னே சொல்லுவாங்க, அம்மா பக்கத்துல இருந்தா கவனம்! 2003-ல பெப் 333ங்கிற ஆவணமா வந்தது. எஞ்சின்-எக்ஸுக்குப் பதிலா அப்பாச்சி வச்சிருக்கிறவங்க 'மாட்-விஸ்கி' பயன்படுத்தியிருப்பீங்க. அதை எழுதின கிரஹாம் டம்ப்பிள்ட்டன் சிட்னிக்காரர்தான்.

சாப்பாடு வரலன்னா, கோளாறு யார்கிட்டன்னு கேக்கணும். எர்ரர் நம்பர் அதுக்குத்தான் வழி காட்டுது.

500: சமைக்கும்போதே கோளாறு. எஞ்சின்-எக்ஸ், குனிகார்ன் ரெண்டும் நல்லா இருக்கு. உங்க கோடுதான் நடுவுல விழுந்திருக்கு. ஆப் லாக்ல ட்ரேஸ்பேக் இருக்கும், அதோட கடைசி வரியிலிருந்து மேல படிங்க. மைக்ரேஷன் ஓட்டாம புது கோடை ஏத்தினது அடிக்கடி பாக்குற காரணம்.

502: பரிமாறுறவர் அடுப்படிக்குப் போனார், அங்க ஆள் இல்ல; இல்லன்னா பாதியில ஓடிட்டாங்க. எஞ்சின்-எக்ஸோட எர்ரர் லாக்ல ஒரு சின்ன நம்பர் இருக்கும். 111ன்னா அந்தப் போர்ட்ல யாரும் கேட்டுக்கிட்டு இல்ல. 2ன்னா சாக்கெட் ஃபைலே அங்க இல்ல. 13ன்னா ஃபைல் இருக்கு, தொட அனுமதி இல்ல. 'ப்ரிமெச்சூர்லி க்ளோஸ்ட்'னு இருந்தா, வேலை செஞ்சுக்கிட்டிருந்த வொர்க்கர் நடுவுல செத்துப் போச்சு. மெமரி கம்மியான சின்ன சர்வர்கள்ல லினக்ஸே அதைக் கொன்னிருக்கலாம்.

504: ஆர்டர் கொடுத்தாச்சு, பதில் வரல. எஞ்சின்-எக்ஸ் வழக்கமா 60 விநாடி காத்திருந்துட்டுக் கைவிடும்.

ஒரு பேக்கேஜை இன்ஸ்டால் பண்ண மறந்தா 500 வரும்னு பலர் நினைப்பாங்க. ஆனா ஆப் தொடங்கும்போதே இம்போர்ட் விழுந்தா வொர்க்கர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. குனிகார்ன் மூடிக்கும், நீங்க பாக்குறது 502. கோளாறு கோட்லதான், ஆனா பேசுறது எஞ்சின்-எக்ஸ்.

இன்னொரு குழப்பம். ஒரு பக்கம் ரொம்ப மெதுவா ஓடினா 504 தானே வரணும்? குனிகார்னோட சாதாரண வொர்க்கருக்கு டைம்-அவுட் 30 விநாடி. எஞ்சின்-எக்ஸ் 60 வரைக்கும் பொறுமையா நிக்கும், ஆனா மேஸ்திரி 30-லயே வொர்க்கரைக் கொன்னுடுவார். அதனால மெதுவான கோடு 502-ஆ வெளிய வரும். குனிகார்ன் லாக்ல 'வொர்க்கர் டைம்-அவுட்'னு வரி இருந்தா, சர்வரைக் குறை சொல்லாம அந்த மெதுவான வேலையைத் தேடுங்க.

கூட்டம் வந்தா?

குனிகார்னுக்கு நீங்க எதுவும் சொல்லலன்னா ஒரே ஒரு வொர்க்கரைத்தான் வைக்கும். அந்தச் சாதாரண வொர்க்கர் ஒரு நேரத்துல ஒரு கோரிக்கையைத்தான் பாக்கும். படிவம் அனுப்ப 2 விநாடி ஆகுதுன்னு வைங்க. காலை 9 மணிக்கு சேர்க்கை திறக்குது, 200 பெற்றோர் ஒரே சமயத்துல அமுக்குறாங்க. முதல் 60 விநாடியில 30 பேருக்குத்தான் வேலை முடியும். மிச்சம் 170 பேருக்கு 504. அவங்க ரிஃப்ரெஷ் அடிப்பாங்க. பழைய கோரிக்கைகளும் வரிசையிலேயே இருக்கும், புதுசும் சேரும். மைகவ் கதையேதான், சின்ன அளவுல.

ப்ராசசர் கோர் எண்ணிக்கையை ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டுங்கன்னு குனிகார்ன் ஆவணமே சொல்லுது. 2 கோர்னா 5 வொர்க்கர். அதோட, அந்த 2 விநாடி எங்க போகுதுன்னும் பாருங்க. உறுதி மின்னஞ்சல் அனுப்புறதுலதான் போகுதுன்னா, அதை வரிசையில போட்டுப் பின்னாடி அனுப்பலாம்.

தேட வேண்டிய வரிசை

1. எர்ரர் பக்கத்தைப் பாருங்க. கீழ எஞ்சின்-எக்ஸ் பேர் இருந்தா பேசுறது அதுதான்.
2. எஞ்சின்-எக்ஸ் எர்ரர் லாக்கோட கடைசி சில வரிகளைப் படிங்க.
3. சிஸ்டம்-சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டு, குனிகார்ன் உயிரோட இருக்கான்னு பாருங்க. செத்திருந்தா, ஏன்னு ஜர்னல்-சிடிஎல் சொல்லும்.
4. சர்வருக்குள்ள இருந்தே கர்ல் வச்சு குனிகார்னை நேரா கேளுங்க. பதில் வந்தா, கோளாறு எஞ்சின்-எக்ஸுக்கும் அதுக்கும் நடுவுல.
5. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மூணை மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது.

காரணம் தேடுறேன்னு ஜாங்கோவோட டீபக்கை லைவ் தளத்துல மட்டும் போடாதீங்க. உங்க செட்டிங்ஸ், கோடு வரிகள் எல்லாம் எர்ரர் பக்கத்துல ஊருக்கே தெரியும்.

ரீஸ்டார்ட்டையும் சோதிச்சுப் பாருங்க

2016 ஆகஸ்ட் 9 இரவு ஆஸ்திரேலியக் குடிக்கணக்குத் தளம் நினைவிருக்கா? அங்க சின்னச் சின்னத் தாக்குதல்கள் நிஜமாவே வந்தது. ஆனா தளம் சுமார் 40 மணி நேரம் மூடிக் கிடந்ததுக்கு அது மட்டும் காரணமில்ல. நடுவுல ஒரு ரவுட்டரை மறுபடி ஸ்டார்ட் பண்ணினப்ப அது ஒழுங்கா எழுந்திருக்கல. முன்கூட்டியே ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருந்தா இது தெரிஞ்சிருக்கும்னு ஐபிஎம் பொறியாளர் செனட் விசாரணையில ஒத்துக்கிட்டார்.

உங்க சர்வர்லயும் இதே பள்ளம் இருக்கு. குனிகார்னை ஸ்டார்ட் பண்ணியிருப்பீங்க, எனேபிள் பண்ணியிருக்க மாட்டீங்க. மாசக்கணக்கா ஓடும். ஒரு நாள் அப்டேட்டுக்காக சர்வர் ரீபூட் ஆகும், எஞ்சின்-எக்ஸ் எழுந்திருக்கும், குனிகார்ன் எழுந்திருக்காது. 502.

சேர்க்கை திறக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, நீங்களே வேணும்னு சர்வரை ரீபூட் பண்ணிப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. அதைச் செய்யலன்னா, ரெண்டு பிள்ளைங்களைக் கிளப்பிக்கிட்டே போன்ல படிவம் நிரப்புற ஒரு அம்மாவுக்கு உங்க வெள்ளைப் பக்கம்தான் கிடைக்கும். 502ன்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாது. தன் பிள்ளைக்கு இடம் போயிடுச்சுன்னுதான் நினைப்பாங்க.

உங்க லாக்ல புரியாத வரி இருந்தா இந்த மடலுக்கே பதில் போடுங்க. பாஸ்வேர்ட் எதுவும் அதுல இல்லைன்னு பாத்துட்டு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.