மகனுக்குப் புது லைசென்ஸ்: கார் இன்சூரன்சில் சிக்கனம் எது, நஷ்டம் எது?

நம் வணிகர் வீடுகள் பலவற்றில் நடக்கிற காரியம்தான் இது. மகனுக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. லைசென்ஸ் கைக்கு வருகிறது. வீட்டுக்கும் கடைக்குமாக ஒரு சிறிய கார் வாங்கலாம் என்ற பேச்சு எழுகிறது. உடனே நம்மில் பலர் கேட்கும் கேள்வி: "சின்னப் பையன் ஓட்டினால் இன்சூரன்ஸ் அதிகம் கட்ட வேண்டுமாமே?"

அந்தப் பயம் வேண்டாம். இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஓட்டுபவரின் வயது, அனுபவம் இவற்றைப் பார்த்துப் பிரிமியம் போடுகிறார்கள். அங்கே புதிதாக ஓட்டும் இளைஞருக்குச் சுமை அதிகம். நம் நாட்டில் பெரும்பாலும் வண்டியைப் பார்த்துத்தான் பிரிமியம். ஆகவே மகன் ஓட்டுவதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. சிக்கனம் செய்ய வேண்டிய இடம் வேறு. அதை நாங்கள் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம்.

எங்கள் மகனுக்காக ஒரு பழைய கார் வாங்கினோம். ஆர்.சி. புத்தகத்தை எங்கள் பெயருக்கு மாற்றிவிட்டோம். பாலிசியில் எட்டு மாதம் பாக்கி இருந்ததால், "முடியும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டோம். ஒரு மாதம் கழித்து, மண்டி வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது பையன் மின்கம்பத்தில் இடித்துவிட்டான். பாலிசி பழைய சொந்தக்காரர் பெயரில் இருப்பதாகச் சொல்லிக் கம்பெனி கையை விரித்தது. டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் கல்லாவிலிருந்து போயிற்று. தவறு எங்களுடையதே. வண்டி கைமாறினால் 14 நாட்களுக்குள் எழுதிக் கொடுத்து பாலிசியை நம் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் மூன்றாம் நபருக்கான பொறுப்பு தொடரும். நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி தொடராது.

பேரம் உள்ளதும் இல்லாததும்

பாலிசியில் இரண்டு பகுதி உண்டு. முதலாவது மூன்றாம் நபர் காப்பு. நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிர்ச் சேதம், காயம், பொருள் நஷ்டம் இவற்றுக்கானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே விலைதான். 2022 ஜூன் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த பட்டியலில், 1000 சி.சி. வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. வரி தனி. சிறிய எஞ்சின் வாங்குவதே முதல் சிக்கனம் என்பது இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது, நம் வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்கும் உரிய பகுதி. 2007 முதல் இதன் விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்கின்றன. ஆகவே சரக்குக் கொள்முதலுக்கு நாலு இடத்தில் விலை கேட்பதுபோல இதற்கும் கேட்க வேண்டும். ஆனால் ஒரே மதிப்புக்குக் கேட்க வேண்டும். வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போட்டுப் பிரிமியத்தைக் குறைத்துக் காட்டுவார்கள். வண்டி திருட்டுப் போனால் அந்தக் குறைந்த மதிப்புதான் கைக்கு வரும்.

போனஸ் யாருக்கு?

ஓர் ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேதப் பிரிமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்து 25, 35, 45, ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 சதவீதம். ஒரு கிளெய்ம் போட்டால் மீண்டும் பூஜ்யம். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போய்விடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். போனஸ் கழிக்கும் முன் பிரிமியம் 10,000 ரூபாய் என்று வையுங்கள். இரண்டு ஆண்டு கிளெய்ம் இல்லை. மூன்றாம் ஆண்டு 4,000 ரூபாய்க்குச் சிறு ரிப்பேர். 1500 சி.சி. வரையுள்ள காரில் முதல் 1,000 ரூபாயை நாமே ஏற்க வேண்டும். மிச்சம் 3,000. பிளாஸ்டிக் பாகமானால் தேய்மானத்துக்குப் பாதி கழியும். ஆனால் அடுத்த ஆண்டு கிடைக்க வேண்டிய 35 சதவீதம், அதாவது 3,500 ரூபாய் போய்விடும். புதிதாக ஓட்டுபவர் கையில் சிறு கீறல்கள் சகஜம். அவற்றைக் கைக்காசில் சரிசெய்வதே லாபம்.

இந்தப் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, சொந்தக்காரருக்கு உரியது. பழைய காரை விற்கும்போது கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால், மூன்று ஆண்டுகளுக்குள் நம் பெயரில் வாங்கும் புதுக் காருக்கு அது வந்து சேரும். மகன் பெயரில் வாங்கினால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே தகப்பனார் பெயரில் வாங்குவது மலிவு.

இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு, லைசென்ஸ் உள்ள சொந்தக்காரருக்கு மட்டும். தகப்பனார் பெயரில் உள்ள காரை மகன் ஓட்டித் தன் தவறால் விபத்தில் சிக்கினால் அந்தத் தொகை அவனுக்கு வராது. மூன்றாம் நபர் காப்பும் உதவாது. போனசில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியைக் கொண்டு, மகன் பெயரைக் குறிப்பிட்டு விபத்துக் காப்பைச் சேருங்கள். அல்லது அவனுக்குத் தனி விபத்து பாலிசி எடுங்கள். ஓட்டுபவன் அவன்தானே!

கடைக்காரர்கள் கவனிக்க

சொந்த உபயோகக் காரில் சரக்கு ஏற்றக் கூடாது என்பது பாலிசியின் நிபந்தனை. சாம்பிளும் கைப்பெட்டியும் போகலாம்; சர்க்கரை மூட்டை போகக் கூடாது. மூட்டையோடு விபத்து நேர்ந்தால் கிளெய்மை மறுக்கக் கம்பெனிக்கு அது போதும். சரக்குக்குக் குட்டியானை போன்ற வண்டியைத் தனி பாலிசியோடு வையுங்கள். கார் லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள அத்தகைய வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துள்ளது.

எல்.எல்.ஆர். மட்டும் உள்ள பையன் தனியாக ஓட்டக் கூடாது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் 'எல்' அட்டை வேண்டும். பதினெட்டு நிறையாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால், 2019-இல் வந்த திருத்தத்தின்படி தகப்பனாருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. உயிர்ச் சேதம் நேர்ந்தால், கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு நம்மிடம் வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்தத் தொகைக்குக் கடையையே விற்க வேண்டி வரும்.

சரக்கு வந்தால் பில்லைச் சரிபார்க்காமல் நாம் கையெழுத்துப் போடுவதில்லை. பாலிசி வந்தவுடனும் பெயர், வண்டி எண், மதிப்பு, போனஸ், உபயோகம், தேதி இவ்வளவையும் அதுபோலப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. நாங்கள் அதைச் செய்யாததற்குக் கொடுத்த விலை 28,000 ரூபாய்.