ரப்பர் கொட்டை ஏன் சுடுகிறது?

பாலோ வட்டாரத்தில் இப்போது செம்பனைதான் அதிகம். ஆனாலும், பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் ரப்பர் கொட்டை விளையாட்டைக் கேட்டுப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் கொட்டையைப் பரபரவெனத் தேய்த்து, அருகில் இருப்பவர் கையில் வைத்துவிட்டு ஓடியிருப்பார்கள்!

தேய்க்கும்போது நாம் செய்யும் வேலை உராய்வினால் வெப்பமாக மாறுகிறது. சரி, தேய்த்த தரை ஏன் அந்த அளவுக்குச் சுடுவதில்லை? கொட்டையில் ஒரே சிறிய இடம் இடைவிடாமல் உராய்கிறது. தரையிலோ வெப்பம் நீண்ட தடம் முழுவதும் பகிர்ந்து போகிறது. கொட்டையின் ஓடு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே, சூடு தேய்த்த இடத்திலேயே தங்கிவிடுகிறது.

கொட்டை கிடைத்தால் தம்பி தங்கையோடு செய்து பாருங்கள். 10 முறை தேய்த்தும் 20 முறை தேய்த்தும் வேறுபாட்டைத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சூட்டை முதலில் உங்கள் கையில் சோதியுங்கள். சிறு பிள்ளையின் தோல் மெல்லியது.

வாயில் வைக்க மட்டும் விடாதீர்கள். பச்சைப் பருப்பில் லினமாரின் என்ற பொருள் உண்டு. மென்றால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு வெளிப்படும். மரவள்ளிக்கிழங்கிலும் இதே லினமாரின்தான். அதனால்தான் அதை வேக வைத்துத் தின்கிறோம். 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இந்த விளையாட்டே வேண்டாம், தொண்டையில் சிக்கிவிடும். விளையாடி முடித்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள்.