அடிமாட்டின் ரத்தக்கட்டு: நட்டம் யார் தலையில்?

தேனி மாவட்டம் வழியாகக் கேரளத்துக்குப் போகும் அடிமாட்டு லாரி மலையேறித்தான் ஆக வேண்டும். அங்குள்ள தேவாரம் என்ற ஊருக்கு வடக்கே போடிமெட்டு மலைப்பாதை. தெற்கே கம்பம்மெட்டு, குமுளி. போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். நெருக்கி ஏற்றப்பட்ட மாடுகள் வளைவுதோறும் சாய்ந்து, பக்கத்து மாட்டின் கொம்பிலும் லாரிக் கட்டையிலும் இடிபடுகின்றன. கீழே விழுந்த மாடு மிதிபடுகிறது.

உள்ளே நடப்பது என்ன?

தோல் கிழியாது, அடியில் ரத்தக் குழாய் உடைந்து சதையில் ரத்தம் தேங்கும். உயிரோடு நிற்கும் மாட்டில் இது கண்ணுக்குப் படுவது அரிது. தோலை உரித்த பிறகே தெரியும். புதுக் காயம் நல்ல சிவப்பு, ஒரு நாள் கடந்தது கருஞ்சிவப்பு, மூன்று நாளைத் தாண்டியது துருநிறம். அடி சந்தையில் விழுந்ததா, லாரியில் விழுந்ததா என்று இந்த நிறத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்.

நட்டம் எவ்வளவு?

கன்றிய சதை சீக்கிரம் கெடும்; வெட்டி எறிய வேண்டும். சப்பையில் அடிபட்டால் நல்ல கறியே போய்விடும். களைத்துப்போன மாட்டின் சதையில் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துவிடுவதால் கறி கறுத்து, அதுவும் விரைவில் கெடுகிறது. அமெரிக்காவில் 2016இல் நடந்த தேசியத் தரத் தணிக்கையில், கொழுக்க வைத்து வெட்டிய மாடுகளில் ஏறத்தாழ 39 சதவீதத்தில் ரத்தக்கட்டு இருந்தது.

யார் சுமக்கிறார்கள்?

சந்தையில் கண்மதிப்புக்குத்தான் விலை. தரகர், வியாபாரி, லாரிக்காரர் எல்லோரும் தோல் உரிக்கும் முன்பே காசு வாங்கிவிடுகிறார்கள். நட்டப்படும் கறிக்கடைக்காரர் அடுத்த மாட்டுக்கு விலையைக் குறைத்துக் கேட்கிறார். தடியே எடுக்காமல் வளர்த்த விவசாயிக்கும் அந்தக் குறைந்த விலைதான். உயிர் எடைக்கு, அதாவது வெட்டுமுன்பே எடைபோட்டு, விற்றவர்களின் மாடுகளில் ரத்தக்கட்டு அதிகம் என்று அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின் 1980களிலேயே சுட்டிக்காட்டினார்.

சட்டம் சொல்வது

1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. தரையில் வழுக்காத கயிற்றுப்பாயோ பலகையோ வேண்டும். கூடவே ஓர் ஆள் போக வேண்டும். வெட்டுமுன் 24 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்கின்றன 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள்.

வழி என்ன?

சந்தைகளில் சாய்வான ஏற்றுமேடை கட்டலாம். நீளக் கொம்பு மாடுகளைப் பிரித்து ஏற்றலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டி எறிந்த கறியை எடை போட்டு மாடு அனுப்பியவர் கணக்கில் கழிக்க வேண்டும். அடிக்கும் கை காசை இழந்தால்தான் அடி குறையும். வாயில்லாச் சீவனுக்கும் வளர்த்தவருக்கும் அதுவே நியாயம்.