காற்சட்டை அணிந்த மருத்துவர்

மருத்துவரின் கையை நம்பி உடலையே ஒப்படைக்கும் மக்கள், அவருடைய உடையையும் தோற்றத்தையும் கண்டு மட்டும் ஏன் முகம் சுளிக்கின்றனர்? மருத்துவம் பயிலும் என் உள்ளத்தில் நெடுநாளாக உறுத்தும் வினா இது. 1865ஆம் ஆண்டின் இரு செய்திகளை இங்கே சொல்கிறேன்.

அவ்வாண்டு சூலைத் திங்களில் ஜேம்ஸ் பாரி என்னும் ஆங்கிலப் படை மருத்துவர் இலண்டனில் இறந்தார். 1826இல் கேப் டவுனில் ஒரு தாயின் வயிற்றைக் கீறித் தாய், சேய் இருவரையும் காத்தவர் அவர். அக்குழந்தைக்கு அவர் பெயரையே இட்டனர். ஆணாகவே வாழ்ந்த அவரது உடல் பெண்ணுடல் என்பதை, இறந்தபின் பணிப்பெண் ஒருத்தி சொல்லியே உலகம் அறிந்தது. ஊரெல்லாம் வம்பு! இறப்புச் சான்றில் 'ஆண்' என எழுதிய மருத்துவரோ, அது தம் வேலையன்று என்று மறுமொழி விடுத்தார். எனக்கு அம்மனிதரை மிகவும் பிடிக்கிறது.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க அரசு மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவருக்கு வீரப்பதக்கம் அளித்தது. 1855இல் பட்டம் பெற்றவர். உள்நாட்டுப் போரில் காயமுற்றோரைப் பேணியவர். 1864இல் பகைவர் சிறையில் நான்கு திங்கள் வாடியவர். தரையைப் பெருக்கும் நீண்ட பாவாடை அழுக்கைச் சுமக்கும், இறுக்கிய கச்சை உடலைக் கெடுக்கும் என்று கண்டு காற்சட்டை அணிந்தார். மருத்துவர் சொல்லத்தக்க காரணந்தானே? ஆயினும் பதக்கம் பெற்ற மறு ஆண்டே, உடைக்காக நியூயார்க்கில் காவலர் அவரைப் பிடித்தனர். 1917இல் அரசு அப்பதக்கத்தையும் விலக்கிற்று. அவரோ 1919இல் இறக்கும்வரை அதைக் கழற்றவில்லை! 1977இல்தான் அது மீண்டும் அவருடையதாயிற்று.

மறைத்தவர் உயர்பதவி கண்டார். மறைக்காதவர் காவல்நிலையம் கண்டார். அந்த வம்புக்கும் கைதுக்கும் காரணம் கைத்திறனின் குறையன்று.

பழங்கதை என்று தள்ள வேண்டா. நம் ஐதராபாத்தின் உஸ்மானியா பொது மருத்துவமனையில் 2022இல் இரு திருநர் மருத்துவர்கள் அரசுப்பணி ஏற்றனர். அதற்குமுன் அவருள் ஒருவரைத் தனியார் மருத்துவமனை ஒன்று விலகச் சொல்லியிருந்தது. அது கூறிய காரணம், நோயாளிகளின் வருகை குறையக்கூடும் என்பது. நோயாளிகளை ஒரு சொல் கேட்டார்களா என்பதே என் ஐயம்.