சில்லை கலானும் எங்கள் வீட்டு ஜன்னலும்

ஸ்ரீநகருக்கு மாற்றல் என்று உத்தரவு வந்தவுடன் நம்மவர் முதலில் தேடுவது கம்பளியைத்தான். நாங்களும் இரண்டு பெட்டி நிறையக் கம்பளியோடு ஓர் ஐப்பசியில் இங்கே வந்து இறங்கினோம். ஆனால் குளிரைக் காட்டிலும், குளிருக்கு அஞ்சி நாம் செய்யும் காரியங்களே அபாயமானவை என்பதை முதல் பொங்கலின்போதுதான் அறிந்தோம்.

குளிர்காலத்தைக் கணக்கிட இவ்வூராருக்குத் தனி முறை உண்டு. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாட்கள் ‘சில்லை கலான்’. அடுத்த இருபது ‘சில்லை குர்த்’. கடைசிப் பத்து ‘சில்லை பச்சா’. நம் மார்கழியின் முதல் வாரத்தில் பிறந்து தைப் பொங்கலையும் விழுங்கிவிடுகிறது அந்தப் பெரிய நாற்பது. 2024-இல் அதன் முதல் நாளன்றே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 8.5 டிகிரிக்கு இறங்கிற்று.

தேங்காயெண்ணெய் கல்லானதையோ குழாயில் நீர் உறைந்ததையோ நாங்கள் பொருட்படுத்தவில்லை. (இரவில் குழாயைச் சொட்ட விட்டால் உறையாது என்று பிறகு தெரிந்துகொண்டோம்.) இட்லி மாவு மூன்று நாளாகியும் புளிக்காததே வீட்டில் பெருந்துக்கம்! பக்கத்து வீட்டு அம்மாளிடம் இதைச் சொல்லப்போக, அவர் தம் பரணைத் திறந்து காட்டினார். கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி எல்லாம் கோடையிலேயே உலர்த்தப்பட்டுச் சரம் சரமாகத் தொங்கின. பனியால் பாதை அடைபட்டுக் காய்கறி வராத நாட்களுக்கான சேமிப்பு. வற்றல் போடுவதில் நமக்கு உறவினர் இத்தனை தொலைவில் இருப்பார்கள் என்று யார் நினைத்தார்கள்?

பொங்கலுக்கு முதல் நாள் இரவு பனி கொட்டிற்று. அடுப்புக்கரி நிறைந்த கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்து, ஜன்னல் இடுக்குகளைப் பழந்துணியால் அடைத்துப் படுத்தோம். அறை இதமாக இருந்தது. நள்ளிரவில் சிறுமி தலை வலிக்கிறது என்று எழுந்து வாந்தி எடுத்தாள். எங்களுக்கும் தலை சுற்றிற்று, கால்கள் துவண்டன. ஊர் மாற்றம், அஜீரணம் என்றே எண்ணினோம். சத்தம் கேட்டு வந்த அந்த அம்மாள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நேரே சென்று ஜன்னலைத் திறந்தார். குழந்தையை வாரிக்கொண்டு வெளியே நடந்தார்.

கரி எரிகையில் உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவை ஏந்த வேண்டிய இரத்தச் சிவப்பணுக்களை அது பற்றிக்கொள்கிறது. உறங்குவோர் உறக்கத்திலேயே மயங்கிவிடுவர். 2025 ஜனவரியில் இதே ஸ்ரீநகரில் ஒரு வாடகை வீட்டில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் அறையைச் சூடாக்கிய நிலையில் மூச்சடைத்து இறந்தனர். அவர்கள் குளிருக்குப் புதியவர்களும் அல்லர், காஷ்மீரத்தவரே.

புகைபோக்கி வைத்த ‘புகாரி’ என்னும் இரும்புக் கணப்பை அவ்வாரமே வாங்கினோம். படுக்கப் போகுமுன் அதையும் அணைத்துவிடுகிறோம். ‘பெரன்’ அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் ‘காங்ரி’ நெருப்புச் சட்டியோடு யாரும் உறங்கக்கூடாது என்பது கண்டிப்பான ஏற்பாடு. படுக்கை பற்றிக்கொள்ளும் என்பது ஒருபுறமிருக்க, ஆண்டுக்கணக்கில் அச்சூடு பட்டால் வயிற்றுத் தோலிலும் தொடையிலும் புற்றுநோய் உண்டாவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர்.

ஜன்னல் இப்போது நான்கு விரல் அளவு திறந்தே இருக்கிறது. அதன் வழியே வரும் குளிரைச் சமாளிக்க அந்த இரண்டு பெட்டிக் கம்பளிக்கும் ஒருவழியாக வேலை வந்துவிட்டது. மாவுப் பாத்திரத்துக்கும் ஒன்றைச் சுற்றி வைக்கிறோம். இரண்டாம் நாள் புளித்துவிடுகிறது.